பந்து மேசையின் பச்சை

பழைய கம்பளித் துணியைப் பந்து மேசைக் கல்லிலிருந்து உரித்தெடுக்கும்போது ஒரு நாற்றம் எழும். நனைந்த ஆட்டு ரோமம், சிகரெட் சாம்பல், ஆம்பளை வியர்வை, எப்போதோ கொட்டிக் காய்ந்துபோன பிராந்தி எல்லாம் சேர்ந்து புளித்த நாற்றம் அது. போன மாதம் தேனி பைபாஸ் சாலையில், ஒரு கைப்பேசிக் கடையின் மாடியில் இருக்கும் 'பூல் பார்லரி'ல் அந்த நாற்றம் என் முகத்தில் வந்து மோதியது. கல்லூரிக்குப் போகும் என் மகனை அழைத்துவரப் படியேறியவள், கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு இளைஞர்கள் மேசையின் மேல் துணியைக் குறடு வைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் வராந்தாவுக்குத் திரும்பியதைப் பார்த்து மகனுக்குச் சிரிப்பு. பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறார்கள், இதற்குப் போய் இப்படியா என்று கேட்டான். வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் கொஞ்சம் தள்ளி நின்று சொல்லலாம்.

நான் பிறந்து வளர்ந்தது போடியில். எங்கள் தெருவின் பல வீடுகளைப் போல எங்கள் வீடும் முன்பக்கம் ஏலக்காய்க் கிட்டங்கி, பின்பக்கம் குடித்தனம் என்று இருந்தது. அப்பா மலைமேல் இருக்கும் தோட்டக்காரர்களிடம் சரக்கு வாங்கி, தரம் பிரித்து, வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புகிறவர். எங்கள் தெருவில் 'காய்' என்றால் ஏலக்காய் ஒன்றுதான். கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் முழுப் பெயர் சொல்லவேண்டும். மலையில் ஏதோ ஓர் எஸ்டேட் பங்களாவில் கிளப்பை மூடியபோது, அங்கே கிடந்த பில்லியர்ட்ஸ் பந்து மேசையை அப்பா வாங்கிவிட்டார். எதற்காக வாங்கினார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. துரைமார்கள் விளையாடியது என்று யாரோ சொன்னார்கள், அது போதும். மூன்று துண்டாகக் கழற்றிய அதன் சிலேட்டுக் கல்லுக்கு அடியில் வைக்கோல் பரப்பி, காய் மூட்டை ஏற்றும் லாரியில் வைத்து, போடிமெட்டு வளைவுகளில் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வர, ஒருவழியாக இறக்கிக் கொண்டுவந்தார்களாம். கிட்டங்கிக்கும் குடித்தனத்துக்கும் நடுவில் இருந்த கூடத்தில் அதைப் பூட்டி நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போக ஒருக்களித்துத்தான் நடந்தாள்.

ஊருக்கு அது 'பச்சை மேசை'. பந்துகளுக்குக் 'குண்டு' என்று பெயர், இடிக்கும் கோலுக்குக் 'கம்பு'. சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் அப்பாவின் சேக்காளிகள் வந்துவிடுவார்கள். விளையாட்டு விதி யாருக்கும் முழுசாகத் தெரியாது. குழிக்குள் குண்டு விழுந்தால் சத்தம் போடவேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே மேசைமேல் குனிவார்கள், சாறு ஒழுகும். மூக்குப்பொடி போட்ட விரலை அந்தத் துணியிலேயே துடைப்பார்கள். மத்தியானங்களில் எங்கள் கிட்டங்கியின் தராசுக்காரர் முருகாண்டி அதன் மேல் ஏறிப் படுத்துத் தூங்குவார். அவர் தலை வைத்த இடத்தில் எண்ணெய் பிடித்து, இன்னொரு தலையே அங்கே படுத்திருப்பது போல ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஆயுத பூசைக்குத் தராசு, படிக்கல்லோடு மேசைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் மேலேயே சூடம் ஏற்றுவார்கள். ஒரு வருடம் சூடம் சரிந்து துணியில் ஓட்டை விழுந்தது. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அவனை அதில் கிடத்தியிருந்த நேரத்தில் அவன் செய்த காரியத்தை அம்மா வெந்நீர் ஊற்றித் துடைத்தாள். அது ஒன்றுதான் அந்தத் துணி கண்ட சுத்தம். எனக்கு அந்தக் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. சாயம் போடாதவர் என்ற பெயர். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஏலக்காய்க்கு விலை அதன் பச்சையில் இருக்கிறது. பச்சை குறைந்து வெளிறிப்போன காயை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அதனால் சிலர் வெளிறிய காயைச் சாயத் தண்ணீரில் முக்கி உலர்த்திவிடுவார்கள். வெளியே யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், உள்ளே எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க வியாபாரிகளிடம் ஒரு வழி உண்டு. காயை எச்சில் தொட்டோ தண்ணீரில் நனைத்தோ வெள்ளை வேட்டியின் ஓரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். நல்ல காய் என்றால் துணியில் ஒன்றும் படியாது. சாயக் காய் என்றால் வேட்டியில் பச்சைக் கோடு விழும். 'தேச்சுப் பாக்கிறது' என்பார்கள். எந்தக் கிட்டங்கிக்குப் போனாலும் வருகிறவர்களின் வேட்டி ஓரம் அழுக்காகத்தான் இருக்கும்.

மதுரையிலிருந்து வரும் சிதம்பரம் அண்ணாச்சி அந்த வேலையை எல்லாரிடமும் செய்வார், அப்பாவிடம் மட்டும் செய்யமாட்டார். எங்கள் மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு அப்படியே போட்டுவிடுவார். அந்த மனிதர் ஒருவர் தேய்த்துப் பார்க்காமல் வாங்குகிறார் என்பதை வைத்தே மற்றவர்களும் அப்பாவிடம் வாங்கினார்கள். எங்கள் வீட்டுச் சோறு, எங்கள் பள்ளிக்கூடச் சீருடை, அம்மா காதில் போட்டிருந்த கம்மல் எல்லாமே சிதம்பரம் அண்ணாச்சியின் அந்த வெள்ளை வேட்டி எங்கள் கிட்டங்கியில் அழுக்காகாமல் இருப்பதை நம்பித்தான் இருந்தன. அப்பா இதை மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் சொல்லுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சிக்குப் பந்து விளையாட்டில் ஒரு பித்து உண்டு. மதுரையில் ஏதோ ஒரு கிளப்பில் முறையாகப் பழகியவர். சீசன் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஓர் ஆட்டம் ஆடி, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் விலை பேசுவார். ஒரு வருடம் அவர் மேசைமேல் குனிந்தவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். துணியை மாற்றச் சொன்னார். கை வைக்கவே கூசுகிறது என்றார். அடுத்த சீசனில் வடக்கேயிருந்து இரண்டு பெரிய வியாபாரிகளை அழைத்துவரப்போவதாகவும், அதற்கு முன் தான் ஒருமுறை வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். அந்தத் துணி இந்தப் பக்கத்தில் கிடைக்காது, சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ எழுதவேண்டும், போடுவதற்கும் தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தார். எழுதிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். எழுதவே இல்லை.

காய் வரத்து தொடங்கிவிட்டது. அண்ணாச்சி வருகிற செய்தியும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முருகாண்டியைக் கூப்பிட்டு, மேசைத் துணியை உரிக்கச் சொன்னார். புதுத் துணி வந்துவிட்டதா என்று முருகாண்டி கேட்டார். அப்பா சிரித்தபடி சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“பச்சைக்கா ஏலே நமக்குப் பஞ்சம்?”

நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆணிகளைப் பிடுங்கித் துணியை ஓர் ஓரத்திலிருந்து சுருட்டச் சுருட்ட, அத்தனை வருடமாக அந்த வீட்டுக்கு வந்துபோன ஆண்கள் சிந்தியதெல்லாம் வெளியே வந்தது. வெற்றிலைச் சாறு துணியைத் தாண்டிக் கல்லிலேயே இறங்கிச் செந்திட்டாகப் படிந்திருந்தது. ரப்பர் விளிம்புக்கு அடியில் கரப்பான் இறகுகள், பீடித் துண்டுகள், கடித்துத் துப்பிய நகங்கள், கோழி எலும்பு ஒன்று. ஒரு மூலைக் குழியின் வலைப்பைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத சிவந்த குட்டிகள் நெளிந்தன. முருகாண்டி அவற்றை முறத்தில் தட்டிக்கொண்டு போனார். தன் தலை எண்ணெய் வட்டம் கல்லிலும் அச்சுப் பிடித்தாற்போல் இருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வேறு.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிட மோசம். கொல்லைப்புறத்தில் அம்மாவின் பித்தளை அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. ஆடி மாதம் குச்சனூர்க் கோயிலுக்குப் போகும்போது நாங்கள் கட்டுச்சோறு ஆக்குகிற அண்டா அது. வேறு எதற்கும் அம்மா அதை எடுக்கவிடமாட்டாள். தண்ணீர் கொதித்ததும் அப்பா ஏதோ சொல்ல, முருகாண்டி கிட்டங்கிக்குள் போய், அடுக்கியிருந்த சாக்குகளுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். தேடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல எடுத்தார். டின்னிலிருந்து அள்ளிப் போட்ட தூள் பார்க்கக் கறுப்பாக இருந்தது. தண்ணீரில் விழுந்ததும் கண்ணைப் பறிக்கும் பச்சையாக விரிந்தது. அதற்குள் அந்தத் துணியைத் திணித்து, துடுப்பால் அமுக்கி வேகவைத்தார்கள். பச்சைத் தண்ணீரின் மேல் பழுப்பு நுரை பொங்கி வந்தது. அந்த நுரையில் இருந்ததெல்லாம் அந்த ஆண்களின் எச்சிலும் வியர்வையும் எண்ணெயும்தான். அப்பா அதைக் கரண்டியால் வழித்து வாழை மரத்தடியில் ஊற்றினார், பாயசத்துக்குப் பால் காய்ச்சுகிறவர் மாதிரி அத்தனை கவனமாக.

கடைத்தெருவுக்குப் போயிருந்த அம்மா அப்போதுதான் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“சோறாக்குற அண்டாவுலயா இத வேகவைக்கிறீக?”

புளி போட்டு விளக்கினால் போய்விடும் என்றார் அப்பா. சாயம் எங்கே வாங்கினது என்று அம்மா கேட்டதற்கு, கோரைப்பாய் நெய்கிறவர்களிடம் வாங்கினேன் என்றார். அவர் வாய் கூசாமல் சொன்னார், அம்மா நம்பினாள். அண்டா போன கோபத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. முருகாண்டி டின்னை எடுத்த இடத்தை நான் பார்த்திருந்தேன். ஆனால் பாய்க்குப் போடும் சாயம் காய்ச் சாக்குக்குப் பின்னால் ஏன் இருக்கவேண்டும் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை.

கொதிக்கிற தண்ணீரில் கம்பளித் துணி போட்டால் என்ன ஆகும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. காய் உலர்த்தும் பாயில் விரித்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்தால், துணி சுருங்கி, மேசைக்கு ஒரு சாண் குறைந்தது. ஆளுக்கொரு முனையாக நின்று, காலை மேசையில் உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். மூன்று பக்கம் ஆணி அடித்தார்கள், நான்காவது பக்கம் எட்டவில்லை. அப்பா உள்ளே போய் அம்மாவின் பச்சைச் சால்வையை எடுத்து வந்தார். மூணாறு போனபோது வாங்கிய நல்ல கம்பளிச் சால்வை. அம்மாவுக்கு அவர் ஆசையாக வாங்கிக்கொடுத்த ஒரே பொருளும் அதுதான். அதைக் கத்தரித்து ஓரத்தில் ஒட்டுப் போட்டு அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புதுசு மாதிரித்தான் இருந்தது. சேக்காளிகள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, கல்கத்தாத் துணி கல்கத்தாத் துணிதான் என்று சொல்லிப் போனார்கள். அந்தப் பொய்யை நான்கு பேர் நம்பியதும் அப்பாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

சிதம்பரம் அண்ணாச்சி வந்த அன்று சாரல் பிடித்திருந்தது. காற்றில் ஈரம் நின்றது. கூடத்தில் காற்றாடி ஓடியும் எல்லாருக்கும் புழுக்கம். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனும் வேட்டியுமாகக் கம்பை எடுத்தார். நல்ல பருத்த உடம்பு. குனியும்போது தொந்தி மேசை விளிம்பில் அமுங்கும், இடது கை துணியில் பரந்து பதியும். வெள்ளைக் குண்டு இரண்டு முறை உருண்டதும் அதன் வெள்ளை கலங்கியது. துடைக்கத் துடைக்க மறுபடி கலங்கியது. கம்பு நுனியில் தடவும் நீலக் கட்டியின் வேலை என்று அப்பா சொன்னார். அப்புறம், புதுத் துணி என்றால் முதலில் கொஞ்சம் விடத்தான் செய்யும் என்றார். அண்ணாச்சி ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பனியனின் வயிற்றுப் பகுதி முழுக்கப் பச்சை, முழங்கை வரைக்கும் பச்சை.

கை கழுவ நான்தான் சொம்பில் தண்ணீர் எடுத்துப் போனேன். ஆத்தா, மெதுவா ஊத்து என்றார். ஊற்றினேன். முற்றத்துக் கல்லில் பச்சைத் தண்ணீர் ஓடியது. சோப்புப் போட்டார், மறுபடி ஊற்றினேன், மறுபடி ஓடியது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயல்கிறவர் போல இருந்தார்.

இலையில் உட்கார்ந்தார். அம்மா சோறு வைத்து நெய் ஊற்றினாள். அவர் பிசையப் பிசைய, விரல் பட்ட இடத்தில் சோறு பச்சையாயிற்று. நகக்கண்ணில் தங்கியிருந்த சாயம் நெய்ச் சூட்டில் இளகி, ஒவ்வொரு பருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்தது. அந்தச் சோறு எனக்கு இன்னமும் கனவில் வருவதுண்டு. அண்ணாச்சி பிசைவதை நிறுத்திவிட்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

“இது துணிக்குப் போடுற பச்சை இல்ல தம்பி. இந்தப் பச்சைய நான் ஊர் ஊராப் பாத்திருக்கேன்.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. அண்ணாச்சி அம்மாவின் பக்கம் திரும்பி, தாயி, அடுப்படியில காய் இருந்தா ரெண்டு கொண்டாங்க என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. வீட்டுக்காரரின் நேர்மையை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? டப்பாவை அப்படியே கொண்டுவந்து மூடியைத் திறந்து நீட்டினாள். அந்த டப்பாவில் இருந்துதான் தினமும் ராத்திரி தம்பிக்குப் பாலில் பொடித்துப் போடுவாள். அவனுக்குச் சிறுவயதிலிருந்தே நெஞ்சுச் சளி. ஏலக்காய்ப் பால்தான் அவனை நிமிர்த்துகிறது என்று நம்பினாள். அன்றைய பாயசத்துக்கும் அதிலிருந்துதான் போட்டிருந்தாள். அண்ணாச்சி தன் கைச் சாயம் படாமல் ஒரு காயை இலைக் கிழிசலில் பிடித்து, டம்ளர்த் தண்ணீரில் நனைத்து, வேட்டியின் கரையோரம் வைத்துத் தேய்த்தார். எங்கள் வீட்டில் அவர் அதைச் செய்தது அதுதான் முதல் முறை.

வேட்டியில் பச்சைக் கோடு விழுந்தது.

அப்பா எழுந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அவர் சொன்னதை, என் வாழ்நாளில் நான் கேட்ட பேச்சுகளிலேயே அசிங்கமானது என்று சொல்லுவேன்.

“அண்ணாச்சி, ஆத்தா மேல ஆணையாச் சொல்றேன், ஒங்களுக்கு அனுப்புன சரக்குல ஒரு காயிலகூடச் சாயம் கெடையாது. வெளிறுன காயி கொஞ்சத்துக்குப் போட்டுப் பாத்தேன். அதுல சாயம் சரியாப் பிடிக்காம திட்டுத்திட்டா நின்னது விக்க முடியாது பாருங்க, அதத்தான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். இது வீட்டுக் காயி.”

வீட்டுக் காய். எங்கள் தெருவில் வியாபாரிகள் வீட்டுக்கெல்லாம் 'கழிவு' வருவதுதான் வழக்கம். உடைந்தது, உள்ளே விதையில்லாத பொக்கு, கருத்தது. நல்ல சரக்கு வெளியூருக்கு, கழித்தது வீட்டுக்கு. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அந்த வழக்கத்தோடு வழக்கமாக இதையும் கொண்டுவந்து டப்பாவில் கொட்டியிருக்கிறார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அண்ணாச்சியை அவர் ஏமாற்றவில்லை. எங்களைத்தான் ஏமாற்றினார். அதைவிட அருவருப்பு, அதையே தன் யோக்கியதைக்குச் சாட்சியாக எடுத்து வைத்தது. அம்மா அவருக்கு ஒரு கை தூரத்தில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள் என்பதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

தம்பி சுவரோரம் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். அம்மா டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுப் போய், அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். அவன் தாடையைப் பிடித்து நாக்கை நீட்டச் சொல்லி, முந்தானை நுனியை நனைத்து அவன் நாக்கைத் தேய்த்தாள். முந்தானையைப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். அவன் ஓங்கரித்தான். அவள் விடவில்லை. இத்தனை மாதமாக ராத்திரி ராத்திரி அவள் கையால் ஊட்டியதை எல்லாம் அன்றைக்கே வெளியே எடுத்துவிடப் பார்த்தாள் போலிருக்கிறது.

அண்ணாச்சி இலையை மூடினார். சாப்பிடாத இலை. எழுந்து நின்று அப்பாவிடம் கேட்டார்:

“பெத்த பிள்ளைகளுக்குக் குடுத்தத எனக்குக் குடுக்கலன்னு சொல்லி, என்னையச் சந்தோசப்படச் சொல்றியா?”

கேட்டுவிட்டு, பச்சைப் பனியனுக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்காக அன்றைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன். கதையை இங்கே நிறுத்தினால் எல்லாருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வாரமே அவருடைய லாரி எங்கள் கிட்டங்கி வாசலில் வந்து நின்றது. மூட்டை ஏறியது. விலை கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். வடக்கேயிருந்து அவர் அழைத்துவருவதாகச் சொன்னவர்களும் வந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணாச்சி எங்கள் காயையும் தேய்த்துப் பார்த்து வாங்கினார், அப்பா பக்கத்தில் நின்று, நல்லாத் தேச்சுப் பாருங்க அண்ணாச்சி என்று உற்சாகமாகச் சொன்னார். சில வருடங்கள் போனதும் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பச்சைப் பனியன் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பியின் நாக்கு அந்தக் கதையில் வருவதில்லை.

அம்மா கத்தவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அண்டாவைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டாள், அதில் மறுபடி சோறு ஆக்கவில்லை. மேசையிலிருந்து தன் சால்வைத் துண்டை மட்டும் ஆணி பிடுங்கி எடுத்துக்கொண்டாள்; அந்த மேசையில் சாயம் விடாத ஒரு சாண் துணி அதுதான். பிறகு எங்கள் வீட்டில் ஏலக்காய் அடுப்படிக்குள் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஏலக்காய் இல்லாத பாயசம், ஏலக்காய் இல்லாத சர்க்கரைப் பொங்கல். முன்கட்டில் மூட்டை மூட்டையாக மணக்கும், பின்கட்டில் ஒரு காய் இருக்காது. என்ன பாயசம் இது, வாசமே இல்லை என்று அப்பா ஒருமுறை கேட்டார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அப்பா சில வருடங்களுக்கு முன் காலமானார். போடியில் பெரிய மனிதர்களுக்குப் போடும் மரியாதை ஒன்று உண்டு, ஏலக்காய் மாலை. காயைப் பொறுக்கிக் கோத்துச் சரம் சரமாகக் கட்டுவார்கள். ஊர் வியாபாரிகள் சேர்ந்து அப்படி ஒரு மாலை கொண்டுவந்து அப்பாவின் மார்பில் சாத்தினார்கள். கண்ணைப் பறிக்கும் பச்சை. வந்த சனம் எல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாலைக்குக் கீழே, அப்பாவின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைக் கோடித் துணியில், பச்சை இறங்கத் தொடங்கியது. முதலில் ஒரு சொட்டு, பிறகு திட்டு, பிறகு நெஞ்சு முழுக்க. எனக்கு அந்தச் சோற்றின் நினைவு வந்தது. தம்பி எழுந்து மாலையை எடுக்கப் போனான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

“எடுக்க வேணாம்பா. அது அவுக சம்பாதிச்சது. கூடவே போகட்டும்.”

அந்தக் கிட்டங்கி இன்று இல்லை. அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது, அதன் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் பச்சையாகக் கேக்குகள் இருக்கின்றன. மேசையின் தேக்குக் கால்களை யாரோ கட்டிலுக்கு வாங்கிப் போனார்கள். சிலேட்டுக் கல் மூன்றில் ஒன்று உடைந்தது, ஒன்று சாக்கடைக்கு மூடியாகப் போனது, ஒன்றை அம்மா தேனிக்கு என் வீட்டுக்கு வரும்போது கூடவே எடுத்துவந்து துவைக்கிற கல்லாகப் போட்டிருக்கிறாள். வெள்ளைத் துணிகளை மட்டும் அதில் துவைக்கிறாள். சிதம்பரம் அண்ணாச்சியும் இல்லை, முருகாண்டியும் இல்லை. அம்மா வைக்கிற பாயசத்தில் ஏலக்காய் இன்றைக்கும் இல்லை. பாயசம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று என் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் அந்தப் பார்லரில் நான் வராந்தாவிலேயே நின்றுவிடவில்லை. துணி மாற்றி முடித்ததும் உள்ளே போனேன். விளக்கு வெளிச்சத்தில் மேசை புத்தம் புதிதாக, பச்சைப் பசேலென்று இருந்தது. கம்பெனித் துணி அக்கா, கிழிஞ்சாலும் கிழியும், சாயம் போகாது என்று அந்த இளைஞன் பெருமையாகச் சொன்னான். நான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தண்ணீர் பாட்டிலைச் சரித்து ஒரு முனையை நனைத்து, மேசையின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தேன். மகன் வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விளக்குக்கு அடியில் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. மறுபடி நனைத்துத் தேய்த்தேன்.